பினாங்குச் சட்டியும் கரிசல் மிளகாயும்: காரமான மீ நம் அடுப்படிக்கு வந்த வரலாறு



சென்ற ரமலானில் ஓர் இரவு. தராவீஹ் தொழுது நாங்கள் வீடு திரும்பியபோது, அடுப்படியிலிருந்து எழுந்த நெடி வாசலிலேயே கண்ணைக் கரித்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நால்வர் கொரிய நூடுல்ஸ் பொட்டலங்களைப் பிரித்துச் சமைத்து, தண்ணீர் குடிக்காமல் யார் முதலில் தின்று முடிப்பது என்று பந்தயம் வைத்திருந்தனர். வென்ற பிள்ளை இரவு முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டான். ஸஹருக்கு அவனால் எழ இயலவில்லை. ஒரு நோன்பு தவறியது.

மறுநாள் பெரியத்தா கொதித்தார். கம்பும் சோளமும் விளையும் கோவில்பட்டிச் சீமையில், நோன்புக் கஞ்சி காய்ச்சும் வீட்டில், இந்த அந்நியத் தீனிக்கு என்ன வேலை என்பது அவரது கேள்வி. கட்டிலில் அமர்ந்து தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்த நன்னி தலை நிமிர்ந்தார். “அந்நியம்னு எதடா சொல்லுற? ஒங்க அத்தா பினாங்குல இதத்தான வித்தாக. அந்தக் காசுலதான் இந்த வீட்டுக்கு வானம் தோண்டுனோம். ஆனா அவுக செஞ்சதத் தின்னு ஒருத்தரும் நோன்ப விட்டதில்ல” என்றார். பிறகு பரணைக் காட்டினார். அங்கே கவிழ்த்து வைத்திருந்த, துருவேறிய, அடி குழிந்த இரும்புச் சட்டியை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம். அது எங்கிருந்து, எதற்காக வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

அச்சட்டியின் கதையைத் தேடப் புகுந்தோம். அது ஒரு குடும்பத்தின் கதையாக மட்டும் நிற்கவில்லை. கடல் கடந்து சபர் போன தமிழ் முஸ்லிம்கள், அண்டை வீட்டாரின் உணவை மார்க்கத்தின் வரம்புக்குள் நின்று எவ்வாறு தமதாக்கிக்கொண்டனர் என்னும் நெடிய வரலாறாக அது விரிந்தது. நம் பிள்ளைகளின் கையில் இருக்கும் பொட்டலத்தை எப்படிப் பார்ப்பது என்னும் கேள்விக்கும் அதில் விடை இருந்தது.

தினை மாவில் தொடங்கிய இழை

சீனாவின் வடமேற்கே, மஞ்சள் ஆற்றின் கரையில், லாஜியா என்னும் தொல்லியல் களம் உள்ளது. அங்கே ஏறத்தாழ மூன்று மீட்டர் ஆழத்தில் கவிழ்ந்து கிடந்த ஒரு மண்கலத்துக்குள் மெல்லிய மஞ்சள் இழைகள் கிடைத்தன. அவை சுமார் 4000 ஆண்டுகளுக்கு முற்பட்ட நூடுல்ஸ் என்று 2005-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அவர்கள் கண்டறிந்த மாவு கோதுமை மாவன்று; தினையும் பனிவரகும் கலந்த மாவு. பசைத்தன்மை இல்லாத சிறுதானிய மாவை எப்படி நீண்ட இழையாக்கியிருக்க முடியும் என்ற ஐயம் பின்னர் எழுந்தது. மாவை வெப்பத்தில் நன்கு பதப்படுத்தி அச்சில் பிழிந்தால் இழை அறாமல் நிற்கும் என்று முதலில் அறிவித்த குழுவினரே செய்து பார்த்துக் கூறினர்.

கரிசல்காட்டுப் பெண்களுக்கு இந்தச் செய்தி வியப்பளிக்காது. கொதிநீர் ஊற்றிப் பிசைந்த மாவை அச்சில் இட்டுப் பிழிந்து, ஆவியில் வேகவைத்து இடியப்பமாக இறக்குவது அவர்களுக்குக் கைப்பழக்கம். அரிசியில் மட்டுமின்றிக் கம்பிலும் கேழ்வரகிலும் அதைச் செய்வார்கள். இங்கிருந்து சற்று வடக்கே சாத்தூரில், மிளகாயும் பூண்டும் சேர்த்துப் பிசைந்த கடலை மாவைத் துளையிட்ட கரண்டியில் தேய்த்து எண்ணெயில் உதிர்க்கிறார்கள். அதுவே பேர்பெற்ற காராசேவு. மாவை இழையாக்குவதும் அதில் காரம் ஏற்றுவதும் இந்த மண்ணுக்குப் புதியவை அல்ல.

ஆயினும் மிளகாய் ஒரு காலத்தில் நமக்கும் அந்நியமாகத்தான் இருந்தது. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த அச்செடியைப் போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் இந்தியக் கரைக்குக் கொண்டுவந்தனர். அதற்கு முன்பு நம் குழம்புகளுக்குக் காரம் தந்தது மிளகு. புதிதாக வந்த காய்க்கு நம் முன்னோர் மிளகின் பெயரையே வைத்து ‘மிளகாய்’ என்றனர். இன்று விளாத்திகுளம், எட்டயபுரம் வட்டாரக் கரிசலில் வானம் பார்த்து விளையும் உருண்டை வற்றலைத் தவிர்த்து நம் சமையலை எண்ணவும் இயலாது. பக்கத்து மாவட்டமான இராமநாதபுரத்தின் முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. வந்த பொருளைப் பெயரிட்டு, பயிரிட்டு, தனதாக்கிக்கொள்வது இம்மண்ணின் வழக்கம் என்பதற்கு அம்மிளகாயே சான்று.

முஸ்லிம்களின் கையில் நூடுல்ஸ்

மாவிழையின் பயணத்தில் முஸ்லிம்களுக்கு உரிய இடம் சிறிதன்று. சிசிலியின் மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் இருந்த புவியியல் அறிஞர் அல்-இத்ரீசி 1154-இல் தம் பெருநூலை நிறைவு செய்தார். சிசிலியின் திராபியா என்னும் ஊரில் ‘இத்ரிய்யா’ எனப்படும் உலர்ந்த மாவிழை பெருமளவில் செய்யப்பட்டு, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் கப்பலில் அனுப்பப்பட்டதாக அதில் எழுதியுள்ளார். உலரவைத்த இழை கெடாது. கப்பலில் போவோருக்கும் பாலைவனம் கடப்போருக்கும் அது ஏற்ற கட்டுச்சோறாக இருந்தது.

சீனாவின் கான்சு மாகாணத்தில் லான்ஜோ என்ற நகர் உண்டு. அங்கே ஊய் முஸ்லிம்கள் மாவைக் கையாலேயே இழுத்து இழுத்து நூலாக்கி, தெளிந்த மாட்டிறைச்சிச் சாற்றில் இட்டு, வெள்ளை முள்ளங்கியும் சிவந்த மிளகாய் எண்ணெயும் பச்சைக் கொத்தமல்லியும் சேர்த்துத் தருகின்றனர். மா பாவ்சி என்னும் ஊய் முஸ்லிம் 1915-இல் இதற்கு இன்றைய வடிவைத் தந்ததாகச் சொல்வர். இன்று சீனாவில் இந்த உணவுக்கடை இல்லாத நகரைக் காண்பது அரிது. அக்கடைகளின் வாசலில் ‘சிங்ஜென்’ என்ற சொல் எழுதப்பட்டிருக்கும். ஹலால் உணவைக் குறிக்கச் சீன முஸ்லிம்கள் ஆளும் சொல் அது. ‘தூயது, உண்மையானது’ என்பது அதன் பொருள். அனுமதிக்கப்பட்டதாகவும் தூயதாகவும் இருப்பதை உண்ணுமாறு திருமறை இடும் கட்டளையின் இரு பகுதிகளும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருப்பதை எண்ணி மகிழலாம்.

சபர் போனவர்கள்

இனி நம் சட்டியின் கதைக்கு வருவோம். 1786-இல் ஆங்கிலேயர் பினாங்கில் துறைமுகம் அமைத்ததும், சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர்களும் மாலுமிகளும் கூலிகளும் அங்கே குடியேறத் தொடங்கினர். ‘சூலியா’ என்று அழைக்கப்பட்ட அவர்களின் பெயரில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இன்றும் தெருக்கள் உள்ளன. பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801-இல் எழுந்தது. சிங்கப்பூரின் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826-இல் நிறுவப்பட்டது. தொழுகைக்கு இடம் அமைந்தபின் அவர்களுக்கு எழுந்த அடுத்த கேள்வி, உண்பது எங்கே என்பதாகவே இருந்திருக்கும்.

நம் பகுதியிலிருந்தும் ஆட்கள் போயினர். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதை கோவில்பட்டி வழியே சென்றது. மழை பொய்த்த ஆண்டுகளில் கரிசல்காட்டுக் குடும்பங்களுக்கு அந்தத் தண்டவாளம் ஒரு வாசலாயிற்று. கழுகுமலை, சங்கரன்கோவிலைக் கடந்தால் வரும் கடையநல்லூர் முஸ்லிம்களோ ஆண்கள் மட்டுமாகப் போகாமல் மனைவி மக்களுடன் சிங்கப்பூருக்குச் சென்று குடியேறினர். 1941-இலேயே அங்கே சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற அமைப்பைத் தொடங்கும் அளவுக்கு அவர்கள் வேரூன்றியிருந்தனர்.

எங்கள் நன்னா நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறியவர். 1926-இல் கட்டப்பட்டு, 1970-களின் தொடக்கம் வரை சென்னைக்கும் நாகைக்கும் மலாயாவுக்கும் இடையே ஆட்களைச் சுமந்த கப்பல் அது. கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனதை அவர் நன்னியிடம் சொல்லியிருக்கிறார். மூன்றாண்டுக்கு ஒருமுறைதான் ஊர் திரும்புவார். அவர் பினாங்கில் இருந்தபோது பிறந்த பெரியத்தாவின் முகத்தை, பிள்ளைக்கு இரண்டரை வயதானபோதே பார்த்தார். அந்தப் பிரிவையும் சேர்த்தே அந்தச் சட்டியைப் பார்க்கவேண்டும் என்பதை நாங்கள் இப்போதுதான் உணர்கிறோம்.

மீ கோரெங் பிறந்த விதம்

துறைமுகத்தில் நம்மவரின் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் சீனாவின் ஹொக்கியன் பகுதியிலிருந்து வந்தவர்கள். மஞ்சள் நிறக் கோதுமை இழையை அவர்கள் ‘மீ’ என்பர். மலாய் மொழியில் ‘கோரெங்’ என்றால் வறுத்தல். இவ்விரு சொற்களும் சேர்ந்து பெயரான உணவைத் தமிழ் முஸ்லிம்கள் தம் கைவண்ணத்தில் வேறொன்றாக்கினர். அவர்களை அங்குள்ளோர் ‘மாமாக்’ என்று அழைத்தனர். நம் ‘மாமா’ என்னும் உறவுச்சொல்லின் மருவே அது. இன்றும் மலேசியாவில் மாமாக் மீ கோரெங் என்றால் அறியாதார் இல்லை.

அவர்கள் செய்த மாற்றத்தை ஊன்றிக் கவனிக்கவேண்டும். சீனர் மீ வதக்கியது பன்றிக் கொழுப்பில். நம் முன்னோர் அந்த உணவை முழுவதுமாக விலக்கிவிட்டுப் போயிருக்கலாம். பசியின் பெயரால் கண்ணை மூடிக்கொண்டு உண்டிருக்கவும் கூடும். அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. இழை வேறு, கொழுப்பு வேறு என்று பிரித்துப் பார்த்தனர். கோதுமை மாவிலும் நீரிலும் காரச்சாற்றிலும் தடை ஏதுமில்லை. விலக்கப்பட்டதை விலக்கி, அந்த இடத்தில் தாவர எண்ணெயையும் முட்டையையும் கணவாயையும் வைத்தனர். சிங்கப்பூரில் கொத்திய ஆட்டிறைச்சியும் சேர்ந்தது. அம்மியில் அரைத்த வற்றல் மிளகாய் விழுதும் புளியும் உருளைக்கிழங்கும் நம் குழம்புச்சட்டியிலிருந்து அங்கே போயின. முளைகட்டிய பயறும் சோயாக் கட்டியும் சீனரிடமிருந்து வந்தன. பிழியும் சிறு எலுமிச்சை மலாய் மண்ணுடையது.

“மீ பிசையுறவன் சீனன், வறுக்குறவுக நம்மாளு, வாங்கித் தின்னுறவுக மலாய்க்காரவுக” என்று நன்னா சொல்வாராம். ஒரு தட்டில் மூன்று சமூகங்கள் இருந்தன. யாரும் தம் மார்க்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. யாரும் யாரையும் இழிவாக எண்ணவுமில்லை.

இத்தகைய கலையில் எட்டயபுரத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. கோவில்பட்டியிலிருந்து கிழக்கே போனால் அவ்வூரில் உமறுப் புலவரின் அடக்கத்தலம் இருக்கிறது. எட்டயபுரம் அரசவைப் புலவராக வாழ்ந்த அவர், சீறாப்புராணத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாடியபோது, அரபு நாட்டைத் தமிழ் நிலத்தின் ஆறும் வயலும் சோலையுமாகக் காட்டினார். சொல்லவந்த செய்தியில் ஒன்றையும் மாற்றாமல், சொல்லும் வண்ணத்தை முற்றிலும் தமிழாக்கினார். உமறுப் புலவர் ஏட்டில் செய்ததை, எழுத்தறியாத நம் சமையற்காரர்கள் அடுப்பில் செய்தனர் என்று சொன்னால் மிகையாகாது.

ரங்கூன் வழி வந்த அத்தோ

பினாங்கு ஒரு வழி எனில், பர்மா மற்றொரு வழி. ரங்கூனில் வணிகமும் கூலிவேலையும் செய்த தமிழர் ஏராளம். அங்கும் சூலியா முஸ்லிம்களுக்கெனப் பள்ளிவாசல் இருக்கிறது. 1941 டிசம்பர் 23-இல் ஜப்பானியர் ரங்கூன்மீது குண்டு வீசியபோது, இந்தியர் பல்லாயிரவர் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தனர். வழியில் மாண்டவர் பலர். எஞ்சியோரையும் போருக்குப்பின் திரும்பியோரையும் 1962-இன் இராணுவ ஆட்சி வெளியேறச் செய்தது. 1964 மே மாதம் 50, 100 கியாட் தாள்கள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. வாழ்நாள் சேமிப்பு ஒரே நாளில் வெறுங்காகிதமாயிற்று. வெறுங்கையுடன் சென்னையில் இறங்கியவர்களுக்காக 1969-இல் கடற்கரை இரயில் நிலையத்தருகே பர்மா பஜார் உருவானது.

கையில் பணம் இல்லாவிட்டாலும் நாவில் சுவை இருந்தது. பர்மியர் ‘அதோக்’ என்பது கையால் பிசைந்த கலவையை. அதுவே தமிழில் ‘அத்தோ’ ஆயிற்று. வேகவைத்து ஆறிய நூடுல்ஸில் முட்டைக்கோசு, பொன்னிறமாக வறுத்த வெங்காயம், பூண்டு, வறுத்த கடலை மாவு, மிளகாய்த்தூள், புளிக்கரைசல், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றை இட்டு, வெங்காயம் வறுத்த எண்ணெயையும் ஊற்றிப் பிசைவார்கள். பக்கத்தில் வாழைத்தண்டுச் சாறு சூடாக இருக்கும். நம் பகுதியிலும் பர்மாவின் நினைவு எஞ்சியுள்ளது. விருதுநகரின் எண்ணெய்ப் பரோட்டாக் கடைகளுள் பர்மாவின் பெயரைத் தாங்கியதும் ஒன்று. சென்னைத் தெருவோரத்தில் அத்தோ உண்ணும்போது, அனைத்தையும் இழந்து வந்தோர் மீண்டும் எழுந்து நின்ற கதையையும் நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

பொட்டலம் பறித்த கை

இனிப் பிள்ளைகளின் கையிலுள்ள பொட்டலம். ஜப்பானில் போருக்குப் பிந்தைய பஞ்சத்தைக் கண்ட மொமொஃபுகு ஆண்டோ, வேகவைத்த நூடுல்ஸை எண்ணெயில் பொரித்து உலர்த்தினால் நெடுநாள் கெடாது, வெந்நீரில் உடனே மென்மையாகும் என்று கண்டறிந்து 1958-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கொரியாவில் 1963-இல் இது தொடங்கியது. பசித்தோருக்கு உதவும் எண்ணத்தில் பிறந்த பொருளை நாம் குறைசொல்ல வேண்டியதில்லை. நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை என்றும், விரும்பினால் உண்பார்கள், இல்லையெனில் விட்டுவிடுவார்கள் என்றும் நாம் அறிவோம்.

ஆனால் பொட்டலம் ஒன்றை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது. நன்னா தம் கையால் பிரித்துப் பார்த்துச் சேர்த்ததை, இப்போது நமக்குத் தெரியாத யாரோ எங்கோ சேர்க்கிறார்கள். ஆகவே கையால் செய்த வேலையை நாம் கண்ணால் செய்தாகவேண்டும். 2017 ஜூன் மாதம் இந்தோனேசிய அரசின் உணவுக் கண்காணிப்பு அமைப்பு, நான்கு கொரிய நூடுல்ஸ் வகைகளில் பன்றியின் மரபணுக்கூறு இருந்ததாகக் கூறி அவற்றைச் சந்தையிலிருந்து விலக்கச் செய்தது. சுவையூட்டியான ஈ631 மீனிலிருந்தும் விலங்கு இறைச்சியிலிருந்தும் தாவரத்திலிருந்தும் பெறப்படலாம். எண்ணை மட்டும் கொண்டு மூலத்தை அறிய இயலாது. நம் நாட்டுப் பொட்டலத்தின் பச்சை வட்டக் குறி, அது சைவ உணவு என்பதைத் தெரிவிக்கும். மது கலந்த சுவைநீரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. எனவே நம்பகமான ஹலால் முத்திரையைத் தேடுவதும், ஐயம் வந்தால் ஆலிம்களைக் கேட்பதும், தெளிவு கிடைக்காவிட்டால் விட்டுவிடுவதும் நமக்குப் பாதுகாப்பு.

ஹலால் மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. மிளகாயின் காரம் உண்மையில் ஒரு சுவையன்று. அதிலுள்ள கேப்சைசின், வெப்பத்தையும் வலியையும் உணரும் நரம்பு வாயில்களைத் தூண்டுகிறது. அவ்வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2024 ஜூன் மாதம் டென்மார்க் அரசு, காரம் மிகுதி என்ற காரணத்தால் மூன்று கொரிய நூடுல்ஸ் வகைகளைத் திரும்பப் பெறச் செய்தது. அவற்றில் சில பின்னர் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. உப்பும் கவனத்துக்குரியது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. காரமான கொரியப் பொட்டலங்கள் பலவற்றில் ஒன்றிலேயே அதில் பாதிக்கும் மேல் வந்துவிடுகிறது. பகல் முழுவதும் வெறுவயிறாக இருந்த நோன்பாளி, பந்தயத்துக்காக அதை உண்பது தன் உடலுக்குச் செய்யும் அநீதி. உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது.

வீட்டில் செய்யும் முறை

பெருநாள் கழிந்த மறுவாரம் பரணிலிருந்து சட்டி இறங்கியது. பிள்ளைகளே தேங்காய் நாரும் மணலும் கொண்டு துரு நீக்கினர். எண்ணெய் தடவி அடுப்பில் மூன்றுமுறை காயவைத்ததும் சட்டி கருத்துப் பளபளத்தது. நன்னி கட்டிலிலிருந்தபடியே சொல்ல, அவர்கள் செய்தனர். நால்வருக்கான அளவை இங்கே தருகிறோம்.

முண்டு வற்றல் 10 எடுத்து, பாதியளவுக்கு விதை நீக்கி, வெந்நீரில் அரை மணிநேரம் ஊறவைக்கவேண்டும். அதனுடன் சின்ன வெங்காயம் 12, பூண்டு 5 பல் சேர்த்து மைய அரைக்கவேண்டும். விருப்பமுள்ளோர் வறுத்த சென்னாக்கூனி ஒரு கரண்டி சேர்க்கலாம். கடலை எண்ணெய் நான்கு கரண்டி காய்ந்ததும், விழுதைச் சிறு தீயில் எண்ணெய் பிரியும்வரை வதக்கவேண்டும். இதில் அவசரம் கூடாது. பச்சை வாடை போகாத மிளகாய்தான் வயிற்றை எரிக்கும் என்பது நன்னியின் கட்டளை. பிறகு சிறு நெல்லிக்காயளவு புளியின் கரைசலும், கொட்டைப்பாக்களவு கருப்பட்டியும், உப்பும் சேர்த்து இறக்கி வைத்துக்கொள்ளவேண்டும்.

நூடுல்ஸ் 300 கிராமை முக்கால் வேக்காட்டில் வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, சிறிது எண்ணெய் தடவி உதிர்த்து வைக்கவேண்டும். மீயின் மஞ்சள் நிறமும் விறைப்பும் மாவில் சேரும் காரநீரால் வருபவை. அப்பள மாவில் நாம் அப்பளக்காரம் சேர்ப்பதும் இதே வகையான பக்குவம்தான். கோதுமை வேண்டாதோர் கம்பு, கேழ்வரகுச் சேமியாவை ஆவியில் வேகவைத்துப் பயன்படுத்தலாம். முந்தின நாள் எஞ்சிய இடியப்பமும் பொருந்தும்.

இரும்புச் சட்டி புகை எழும்வரை காயவேண்டும். தீ முழு வீச்சில் இருக்கட்டும். ஒரு வேளைக்கு இரண்டு பேருக்கு மட்டுமே போடவேண்டும். மொத்தமாகக் கொட்டினால் சட்டி குளிர்ந்து, மீ வறுபடாமல் குழைந்துவிடும். எண்ணெய் ஊற்றி, வேகவைத்து நறுக்கிய உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, வேகவைத்த கொத்துக்கறி ஆகியவற்றை ஒரு நிமிடம் புரட்டி, மீயையும் இரண்டு கரண்டி விழுதையும் சேர்க்கவேண்டும். ஓரமாக ஒதுக்கிவிட்டு, நடுவில் முட்டை உடைத்து ஊற்றி, பாதி வெந்ததும் எல்லாவற்றையும் கலக்கவேண்டும். முளைகட்டிய பாசிப்பயறு கடைசியில். அது நறுக்கென்று இருக்கவேண்டும். எட்டயபுரத்துக் கரிசலில் விளையும் அதே பயறுதான் பினாங்கில் ‘தவுகே’ என்ற பெயரில் முளையாக வந்து சேர்ந்தது என்று நன்னி சொல்லிச் சிரித்தார். எலுமிச்சை பிழிந்து இறக்கவேண்டும். காரம் மிஞ்சினால் தண்ணீரைவிடத் தயிரோ பாலோ உதவும்; பாலிலுள்ள புரதம் கேப்சைசினைப் பற்றி அகற்றும், நீரால் அது இயலாது.

அன்று பிள்ளைகள் பந்தயம் வைக்கவில்லை. முதல் தட்டு நன்னிக்குப் போனது. ஒரு வாய் உண்டவர், “உப்பு கொஞ்சம் கொறச்சல். ஒங்க நன்னா வச்சது இன்னும் புளிக்கும்” என்றார். பெரியத்தா ஒன்றும் பேசாமல் இரண்டாம்முறை தட்டை நீட்டினார். தந்தை வறுத்த மீயின் சுவையை அவர் அன்றுதான் அறிந்தார். நன்னா இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன.

குழம்பு வைக்கும்போது நீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். அதன்படி ஒரு பாத்திரம் பக்கத்து வீட்டுக்குப் போனது. அவர்கள் இறைச்சி உண்ணாதவர்கள் என்பதால், கறியும் முட்டையும் கூனியும் படாமல் முதலிலேயே தனியாக வறுத்துவைத்தோம். நம் வரம்பை மதித்துச் சமைக்கக் கற்றவர்கள், பிறர் வரம்பையும் மதித்துச் சமைக்க வேண்டுமல்லவா? மறுநாள் அந்தப் பாத்திரம் கோவில்பட்டிக் கடலை மிட்டாயுடன் திரும்பி வந்தது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு சட்டியோ, கப்பல் பெட்டியோ, சபர் போன ஒருவரின் கடிதக் கட்டோ இருக்கலாம். அதைப் பற்றிச் சொல்லத் தெரிந்த ஒருவர் இன்னும் உங்களிடையே இருந்தால், இந்த வாரமே அவர் அருகில் அமர்ந்து கேளுங்கள். கேட்டதைப் பிள்ளைகளின் கையால் ஒருமுறை சமைத்துப் பாருங்கள். சபரில் வாழ்ந்து மறைந்த நம் முன்னோர் அனைவருக்கும் அல்லாஹ் மறுமையில் நற்கூலி வழங்குவானாக. ஆமீன்.